ஆட்சியில் பெண்: சிங்கப்பூர் தரும் பாடம்



மலையில் கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகளே. தொழிற்சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் கழிக்கும்போது ஆண், பெண் என்ற பேதம் பார்ப்பதில்லை. ஆனால் தோட்டத்துச் சங்கத் தலைவர் யார், செயலாளர் யார், துரையோடு பேசப் போகிறவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே வருகின்றன. மாதர் சங்கத் தலைவி என்று ஒருவர் இருப்பார். மே தினக் கூட்டத்தில் அவருக்கு மேடையில் ஒரு நாற்காலியும் இருக்கும். அவர் பேச வேண்டிய முறை வரும்போது மழை வந்துவிடும், அல்லது நேரம் முடிந்துவிடும். இதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

நாற்காலி கிடைப்பது ஒன்று. சொல்லுக்கு மதிப்புக் கிடைப்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இன்று ஒரு நகரத்தை வைத்துப் பார்க்கப் போகிறோம். அந்த நகரம் சிங்கப்பூர்.

சிங்கப்பூர் நமக்குப் புதிய பெயரல்ல. அங்கே வேலைக்குப் போனவர்களைப் பற்றி நம் லயங்களிலும் பேச்சு உண்டு. ஒரு நகரமே ஒரு நாடாக இருக்கும் ஊர் அது. குடிமக்களில் நான்கில் மூன்று பங்கினர் சீனர். அடுத்த பெரும் சமூகம் மலாய்க்காரர். பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக இந்தியர்; அவர்களுள் தமிழரே அதிகம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. சிராங்கூன் சாலையும் தேக்காச் சந்தையும் சேர்ந்த பகுதியை 'லிட்டில் இந்தியா' என்கிறார்கள். இத்தனை இனங்கள் நெருங்கி வாழும் சிறிய ஊரில், ஆணுக்கு எவ்வளவு அதிகாரம், பெண்ணுக்கு எவ்வளவு, எந்த இனத்துப் பெண்ணுக்கு எவ்வளவு என்பதெல்லாம் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் 1943ஆம் ஆண்டுக்குப் போவோம். அப்போது சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் இருந்தது. அந்த ஆண்டு ஜூலை மாதம் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அங்கே வந்தார். இந்திய விடுதலைக்குப் பெண்களும் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்றார். ஜான்சி ராணி படை பிறந்தது. அக்டோபர் 22ஆம் திகதி வாட்டர்லூ வீதியில் அதன் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தேக்காவிலிருந்து நடந்து போகக்கூடிய தூரம்தான். அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி. நேதாஜி அமைத்த தற்காலிக அரசாங்கத்தில் இடம்பெற்ற ஒரே பெண்ணும் அவரே.

படையில் சேர்ந்த பெண்கள் யார்? வசதியான வீட்டுப் பெண்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் பெருந்தொகையினர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பால்மரம் வெட்டிய கைகள் அவை. கங்காணி சொல்லுக்கும் துரை சொல்லுக்கும் தலைகுனிந்து வளர்ந்தவர்கள் நிமிர்ந்து அணிவகுத்தார்கள். இது சிறிய காரியமல்ல.

யுத்தம் 1945இல் முடிந்தது. டாக்டர் லட்சுமி இந்தியாவில் பொதுவாழ்வைத் தொடர்ந்தார். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் போட்டியிட்டார். அதே படையில் அதிகாரியாக இருந்த ஜானகி ஆதிநாகப்பன் மலாயாவில் அரசியலில் முன்னின்று, பிற்காலத்தில் செனட்டர் ஆனார். இவர்களின் பெயர்களை உலகம் அறியும். தோட்டத்திலிருந்து போன பெண்களில் பெரும்பாலோரின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. கொடி ஒன்றாக இருந்தாலும், அதன் கீழ் நின்றவர்களுக்குக் கிடைத்த பலன் ஒன்றாக இருக்கவில்லை. ஆகவே, 'பெண்களுக்கு இடம் கிடைத்தது' என்று எவரேனும் சொன்னால், 'எந்தப் பெண்களுக்கு?' என்று நாம் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

யுத்தத்துக்குப் பின் சிங்கப்பூர்ப் பெண்கள் கையில் எடுத்த பெரிய பிரச்சினை பலதார மணம். அக்காலத்தில் சீன வழக்கமும் இந்து வழக்கமும் முஸ்லிம் சட்டமும் ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தன. கணவன் இன்னொருத்தியைக் கொண்டுவந்தால் முதல் மனைவி எங்கே போய் முறையிடுவாள்? 1952இல் சிங்கப்பூர் மாதர் மன்றம் தொடங்கப்பட்டது. அதில் முன்னின்று உழைத்தவர் பம்பாயில் பிறந்த ஷிரின் போஸ்தார் என்ற அம்மையார். மனு எழுதினார்கள், கட்சிக் கதவுகளைத் தட்டினார்கள். சில ஆண்டுகள் எவரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை.

பிறகு ஒரு மாற்றம் வந்தது. 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம் என்று சட்டம் ஆகியிருந்தது. அடுப்படியில் இருந்த பெண்ணும் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டியதாயிற்று. பெண்களின் வாக்கு வேண்டுமென்றால் பெண்களின் குறையைக் கேட்கத்தான் வேண்டும் என்று கட்சிகள் கண்டுகொண்டன. மக்கள் செயல் கட்சி ஒருதார மணத்தைத் தன் வாக்குறுதிகளில் ஒன்றாக வைத்தது. 51 பேர் கொண்ட சட்டசபைக்கு ஐந்து பெண்கள் தெரிவானார்கள். அவர்களில் ஒருவர் சான் சோய் சியோங். சீன மொழிப் பாடசாலையில் படித்தவர். கட்சியின் மாதர் பிரிவை வளர்த்தவர்.

1961 மே மாதம் 'மாதர் சாசனம்' என்ற சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஒரு மனைவி உயிரோடு இருக்கையில் செய்யும் இன்னொரு திருமணம் செல்லாது. திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். மனைவி தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், தொழில் செய்யலாம். கைவிடப்பட்டால் தனக்கும் பிள்ளைகளுக்கும் பராமரிப்புப் பணம் கேட்டு வழக்குப் போடலாம். சிராங்கூன் சாலையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்ட தமிழ்ப் பெண்ணுக்கும், சீனர் தெருவில் மணமுடித்த சீனப் பெண்ணுக்கும் ஒரே சட்டம் பாதுகாப்பாக வந்தது.

ஆனால் இங்கும் நம் கேள்வியைக் கேட்போம். எந்தப் பெண்களுக்கு? மாதர் சாசனத்தின் திருமண விதிகள் முஸ்லிம் பெண்களுக்குப் பொருந்தவில்லை. அவர்களுக்குத் தனிச் சட்டமும் 1958இல் தொடங்கிய ஷரீஆ நீதிமன்றமும் இருந்தன. ஒரு சமூகத்தின் மத உரிமையை மதிக்க வேண்டும் என்பது நியாயமான வாதம். அந்தச் சமூகத்துப் பெண்ணின் விருப்பம் என்ன என்பதும் நியாயமான கேள்வி. மலாய்ப் பெண் ஒரே நேரத்தில் இரண்டு வரிசைகளில் நிற்கிறாள். பெண்கள் வரிசையிலும் நிற்கிறாள், தன் இனத்தின் வரிசையிலும் நிற்கிறாள். பெண் விடுதலை பற்றி ஆராய்கிறவர்கள் இன்று அழுத்திச் சொல்லும் கருத்து இதுதான். பாலும் இனமும் வர்க்கமும் தனித்தனி மூட்டைகளாக வருவதில்லை. ஒரே முதுகில் ஒன்றாக ஏறுகின்றன. கொழுந்துக் கூடையைச் சுமக்கும் நம் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த 1961ஆம் ஆண்டிலேயே இன்னொரு சம்பவம் நடந்தது. ஆளுங்கட்சிக்குள் பிளவு வந்தது. அரசாங்கம் நிற்குமா, விழுமா என்பதை முடிவுசெய்ய ஜூலை மாதம் சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களில் ஒருவரான சஹோரா பிந்தி அஹ்மாத் என்ற மலாய்ப் பெண்மணி நோயுற்று ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆம்புலன்ஸ் வண்டியில் அவரைச் சட்டசபைக்குக் கொண்டுவந்தார்கள். அவர் அரசாங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். 51 பேரில் 27 பேரின் ஆதரவோடு அரசாங்கம் தப்பியது. வசதி குறைந்த சமூகத்தைச் சேர்ந்த ஒரு நோயாளிப் பெண்ணின் வாக்கு அன்று எவ்வளவு பெறுமதி வாய்ந்தது என்று பாருங்கள்.

அடுத்த ஆண்டு, 1962இல், ஹோ புவே சூ என்ற பெண் உறுப்பினர் அதே கட்சியை விட்டு விலகினார். கட்சியின் தீர்மானங்களில் தன்னைக் கலந்தாலோசிக்கவில்லை என்பது அவர் சொன்ன குறைகளுள் ஒன்று. அவர் விலகியதால் ஆளுங்கட்சி 51 பேர் சபையில் தனது பெரும்பான்மையையே இழந்தது. இந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். கை தூக்க வேண்டிய நாளில் பெண்ணைத் தேடி ஆம்புலன்ஸ் போகிறது. என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கும் நாளில் அவளைத் தேடி ஆள் போவதில்லை.

பிறகு என்ன நடந்தது? 1970இல் சான் சோய் சியோங் அரசியலிலிருந்து ஓய்வுபெற்றார். அதன்பின் 1984 வரை, பதினான்கு ஆண்டுகள், சிங்கப்பூர்ப் பாராளுமன்றத்தில் ஒரு பெண் கூட இல்லை. அதே ஆண்டுகளில்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்து நாட்டின் வருமானத்தைப் பெருக்கினார்கள். உழைப்பில் முன்வரிசை, ஆட்சியில் வரிசையே இல்லை. மருத்துவம் படிக்கும் மாணவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 1979இல் வந்தது. அதைத் தடுக்கச் சபையில் ஒரு பெண் குரல் இருக்கவில்லை. அந்த விதி நீங்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1983இல் பிரதமர் லீ குவான் யூ ஒரு தேசிய தின உரையில், படித்த பெண்கள் போதிய பிள்ளைகளைப் பெறவில்லை, படிக்காத பெண்கள் அதிகம் பெறுகிறார்கள் என்று கவலை தெரிவித்தார். அதைத் தொடர்ந்து 1984இல் இரண்டு ஏற்பாடுகள் வந்தன. பட்டதாரித் தாய்மார் மூன்று பிள்ளைகள் பெற்றால் அப்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சேர முன்னுரிமை. வருமானமும் படிப்பும் குறைந்த இளந்தாய்மார் ஓரிரு பிள்ளைகளோடு கருத்தடை அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி.

நேயர்களே, இதை நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஒருத்தியின் கர்ப்பத்துக்குப் பரிசு. இன்னொருத்தியின் கர்ப்பத்தைத் தடுக்கப் பணம். இருவரும் பெண்கள்தாம். பிரித்தது எது? படிப்பும் வருமானமும். அந்நாளில் மலாய்ப் பெண்களில் பட்டதாரிகள் மிகச் சிலரே. ஆகவே சட்டத்தில் இனத்தின் பெயர் எழுதப்படாவிட்டாலும், அதன் பாரம் இனத்தைப் பார்த்தும் விழுந்தது. கருத்தடை அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் நம் தோட்டத்துத் தாய்மார் பலருக்கு இந்த இடம் நன்றாகவே விளங்கும்.

சிங்கப்பூர் மக்கள் இதை ஏற்கவில்லை. பலனடையக்கூடிய பட்டதாரிப் பெண்களிலேயே பலர் எதிர்த்தார்கள். 1984 டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு நூற்றுக்கு 78இலிருந்து 65 ஆகக் குறைந்தது. அதற்குரிய காரணங்களுள் இந்த ஏற்பாடும் ஒன்று. அந்தத் தேர்தலில்தான் மூன்று பெண்கள் மீண்டும் பாராளுமன்றம் சென்றார்கள். பாடசாலை முன்னுரிமை 1985இல் கைவிடப்பட்டது. அந்த விவாதச் சூட்டிலேயே 'அவேர்' என்ற பெண்கள் சங்கம் அதே ஆண்டு பிறந்தது. சீனர், இந்தியர், மலாய்க்காரர் என்று பல இனப் பெண்கள் அதில் ஒன்று கூடினார்கள். அச்சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் கன்வல்ஜித் சோயின் 1992இல் பாராளுமன்றத்தின் நியமன உறுப்பினரானார். வீட்டில் அடிபடும் பெண்ணைக் காக்க 1995இல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது தோற்றது. ஆனால் அதில் இருந்த பல பாதுகாப்புகள் 1996இல் மாதர் சாசனத்திலேயே திருத்தமாகச் சேர்ந்துவிட்டன. வெளியே ஒரு சங்கம் விழித்திருந்ததால், உள்ளே ஒரு நாற்காலிக்குப் பலம் கிடைத்தது.

இனி மிக உயர்ந்த நாற்காலியைப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டு ஹலிமா யாக்கோப் சிங்கப்பூரின் முதல் பெண் ஜனாதிபதியானார். அவருடைய தந்தை இந்திய முஸ்லிம். காவற்காரராக வேலை செய்தவர். ஹலிமாவுக்கு எட்டு வயதாக இருக்கையில் அவர் இறந்துவிட்டார். தாய் சோற்றுக் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். ஹலிமா சட்டம் படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சங்கத்தில் பணிசெய்து, பாராளுமன்ற உறுப்பினராகி, சபாநாயகராகி, அந்த இடத்துக்கு வந்தார். தொழிற்சங்கத்தின் வழியாக ஓர் ஏழை வீட்டுப் பெண் நாட்டின் தலைமைக்கு வந்தார் என்பதை நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஆயினும் மக்கள் மகிழ்ச்சியில் ஒரு முணுமுணுப்பும் இருந்தது. அந்தத் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்டது. விண்ணப்பித்த மற்ற மலாய் வேட்பாளர் இருவருக்கும் தகுதிச் சான்று கிடைக்கவில்லை. எனவே வாக்கெடுப்பு இல்லாமலே ஹலிமா தெரிவானார். ஒதுக்கீடு இல்லாவிட்டால் சிறுபான்மையினருக்கு இடம் எப்போது வரும் என்றார்கள் ஒரு சாரார். ஐந்து ஜனாதிபதித் தவணைகளாக மலாய்க்காரர் எவரும் அந்தப் பதவிக்கு வராததே ஒதுக்கீட்டுக்குக் காரணம் என்பது உண்மைதான். எங்கள் வாக்கைக் கேட்டிருந்தால் அவருக்கே போட்டிருப்போமே, ஏன் கேட்கவில்லை என்றார்கள் மறு சாரார். இரண்டிலும் நியாயம் உண்டு. 2023இல் ஒதுக்கீடில்லாத தேர்தலில் தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்னம் நூற்றுக்கு 70 வாக்குப் பெற்று ஜனாதிபதியானதும் இந்த விவாதம் மீண்டும் எழுந்தது. ஒதுக்கீடு கதவைத் திறக்கிறது. உள்ளே போனவருக்கு மக்களிடமிருந்து வரும் பலத்தை வாக்குத்தான் தருகிறது. இரண்டும் சேர வேண்டும்.

இன்று சிங்கப்பூர்ப் பாராளுமன்றத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். பெண் அமைச்சர்கள் இருக்கிறார்கள். இந்தியத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த இந்திராணி ராஜா அவர்களுள் ஒருவர். ஆனால் பிரதமர்களாக இதுவரை வந்த நால்வரும் சீன ஆண்களே.

கடைசியாக, அந்த நகரத்தின் சமையலறைக்குள் போவோம். சிங்கப்பூரில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியன்மாரிலிருந்து வந்தவர்கள் அதிகம். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போனவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காப் பக்கம் இவர்களில் சிலரைக் காணலாம். உள்ளூர்ப் பெண்கள் வேலைக்குப் போக வசதியாக 1978இல் அரசாங்கம் தொடங்கிய ஏற்பாட்டில்தான் இவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு பெண் காரியாலயத்துக்கோ பாராளுமன்றத்துக்கோ போக, இன்னொரு பெண் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறாள். அந்த இன்னொரு பெண்ணின் பிள்ளையை ஊரில் பாட்டி வளர்க்கிறாள். நம் லயங்களில் இப்படி வளரும் பிள்ளைகளுக்குத்தான் தோட்டப் பாடசாலைகளில் நாங்கள் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறோம்.

இந்தப் பணிப்பெண்களுக்கு அங்கே வாக்கு இல்லை. பொதுத் தொழிற் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களைச் சேராது. வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற விதியே 2013இல்தான் வந்தது. அதிலும் ஓய்வுக்குப் பதில் கூலி கொடுக்கலாம் என்றிருந்தது. மாதம் ஒரு நாளாவது கட்டாயம் ஓய்வு தர வேண்டும் என்பது 2023இல் வந்தது. இவை தாமாக வரவில்லை. பிரேமா மாத்தி முதலிய சிங்கப்பூர்ப் பெண்கள், வாக்கில்லாத அப்பெண்களுக்காக 2003ஆம் ஆண்டு முதல் அமைப்பு வைத்துக் குரல் கொடுத்ததன் பயன் அது. தனக்குக் கிடைத்த இடத்தைக் கொண்டு, இடமில்லாதவளுக்காகப் பேசுவதுதான் பெண்ணரசியலின் உரைகல்.

நம் மலையகத்துக்குத் திரும்புவோம். வாக்கில்லாமல் இருப்பது என்னவென்று நமக்குத் தெரியும். 1931இல் இந்நாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது வாக்குரிமை வந்தது. 1948, 1949 ஆண்டுச் சட்டங்களால் நம் மக்களில் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தார்கள். அவற்றைத் திரும்பப் பெற ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இல்தான் வந்தது. 2018 முதல் உள்ளூராட்சி மன்றங்களில் நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2024 பொதுத்தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அங்கே தெரிவாகிச் சென்றது அதுவே முதல் முறை.

நாற்காலிகள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றுக்குப் பலம் கொடுப்பது நம் வேலை. அதற்குச் சில சிறிய காரியங்களைச் சொல்கிறோம். சங்கக் கூட்டத்தை அடுப்பு எரியும் மாலை நேரத்தில் வைக்காமல், பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். துரையோடு பேசப் போகும் குழுவில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவராவது இருக்கட்டும். நிறுவைக் கணக்கும் மலையில் கழிப்பறை இல்லாத கஷ்டமும் அவர் சொன்னால்தான் சரியாக விளங்கும். வாக்குக் கேட்டு வருகிற ஆணையும் பெண்ணையும், 'எந்தப் பெண்களுக்கு என்ன செய்வீர்கள்?' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெண் உறுப்பினர் ஒருவர் தெரிவானால், தேர்தலோடு அவரைத் தனியே விட்டுவிடாமல் மாதம் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். வீட்டில் ஆண்கள், கூட்ட நாளில் ஒரு வேளை உலை வைத்தால் குறைந்துபோக மாட்டார்கள்.

சஹோரா அம்மையாரை ஆம்புலன்ஸில் அழைத்துப் போன நாளில், ஒரு பெண்ணின் கை ஓர் அரசாங்கத்தையே தாங்கும் என்று தெரிந்தது. அந்தக் கையை வாக்கெடுப்பு நாளில் மட்டும் தேடுவது போதாது. தீர்மானம் எழுதும் நாளிலும் தேடிப் போக வேண்டும்.